அளக்க வந்தவரும் ஓடிப்போனவர்களும்

ஆய்வு முறையியல் என்று பாடப்புத்தகம் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் அடுக்குகிறார்கள். முதலில் கருதுகோள், அப்புறம் மாதிரி எடுத்தல், வினாநிரல், புள்ளிவிவரம். நடுவில் 'செல்லுபடித் தன்மை' என்று ஓர் அத்தியாயம் வரும். அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா, வேறெதையோ அளந்துவிட்டு இதுதான் அது என்று சொல்கிறோமா என்கிற கேள்வி அது. எல்லாம் முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் 'ஆய்வு அறம்' என்று நாலு பக்கம். ஒப்புதல் வாங்கு, பெயரை மறை, நன்றி சொல்லு. முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற நம்ம பிள்ளைகளும் இதை அப்படியே மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு வருகிறார்கள்.

இந்த இரண்டு அத்தியாயங்களையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதில்தான் சூது இருக்கிறது என்பது என் வாதம். அறம் கெட்ட இடத்தில் அளவும் கெட்டுப்போகும். யாரைப் பயமுறுத்தி, யாருடைய திண்ணையில் உட்கார்ந்து, யாருடைய சம்மதமில்லாமல் தகவல் எடுத்தாய் என்பதெல்லாம் 'மனிதாபிமான'ப் பிரச்சினை என்று ஒதுக்கப்படுகிறது. உண்மையில் அது தகவல் உண்மையா பொய்யா என்கிற பிரச்சினை. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. சேலத்துக்குப் பக்கத்தில், குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறுகிற மலையிலேயே நூறு வருசத்துக்கு முன்னால் நடந்தது இருக்கிறது. நடத்தியவரே எழுதியும் வைத்திருக்கிறார்.

எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். 1901இல் தொடங்கிய இனவரைவியல் கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்துக்குப் பொறுப்பு இவர்தான். கே. ரங்காச்சாரி துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக இவர் வெளியிட்டதுதான் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்'. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழிலும் கொண்டுவந்தது. சாதிச் சங்க மலர் போடுகிறவர் முதல் சாதிச் சான்றிதழ் விசாரிக்கிற அதிகாரி வரை எல்லாரும் புரட்டுகிற புத்தகம். நாம் யார் என்று நம்மிடம் கேட்காமல் அதில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

தர்ஸ்டனின் தொழில் உடலை அளப்பது. தலை நீளம், தலை அகலம், மூக்கு உயரம், மூக்கு அகலம். ஒவ்வொரு சமூகத்திலும் சில பத்து ஆண்களைப் பிடித்து நிறுத்தி அளந்து சராசரி போட்டு அந்தச் சமூகத்தின் மூக்கு இதுதான் என்று அச்சடித்துவிடுவது. வடக்கே ரிஸ்லி, மூக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு கீழ்ச்சாதி என்கிற அளவுக்குப் போய் ஒரு விதியே எழுதினார். அந்த நம்பிக்கையில் ஓடிய வண்டிதான் இதுவும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அட்டவணைகள் கிடையாது, முதல் தொகுதியின் முன்னுரை. அளக்கப் போன இடங்களில் ஜனங்கள் தன்னைப் பார்த்து எப்படியெல்லாம் பயந்தார்கள் என்று தர்ஸ்டன் அதில் வரிசையாகச் சொல்லிச் சிரிக்கிறார். வயநாட்டில் பணியப் பெண்கள், நம்மில் நல்லா இருக்கிறவங்களைப் பிடித்துப் பாடம் பண்ணிச் சென்னை மியூசியத்தில் நிறுத்தப் போறான் என்று நினைத்தார்களாம். நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கிற கருவியைத் தூக்குமரம் என்று நினைத்துக் கிட்டவே வர மறுத்தாராம். மைசூர்ப் பக்கம், தென்னாப்பிரிக்காவுக்கு ஆள்பிடிக்க வந்தவன் என்று ஊர் ஊராக ஓடினார்களாம். அளவு எடுப்பதற்காக மூக்குத்தண்டின் மேலே வைக்கிற வெள்ளைப் பெயிண்ட் பொட்டு, பிறகு கொப்புளமாகி நம்பராக மாறும், அதை வைத்துத் தூக்கிப்போய்விடுவார்கள் என்று பேச்சாம்.

அந்த வரிசையில் நம்ம சேர்வராயன் மலையும் வருகிறது. இங்கிருக்கிற மலையாளிகள் — கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்கிற பொருளில் தமிழ் பேசுகிற மலைமக்கள் — துரை வந்திருப்பது எங்கள் நிலத்தைச் சர்க்காருக்கு எழுதி எடுத்துக்கொண்டு எங்களை அந்தமானுக்குக் கப்பலேற்றத்தான் என்று ஒட்டுமொத்தமாக நினைத்துவிட்டார்களாம். தர்ஸ்டனுக்கு இது தமாஷ். ஏகாதிபத்திய அறிஞர்கள் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிக்கிற ரகம். வாசகரும் சிரித்துவிட்டு அட்டவணைக்குப் போய்விடுவார் என்று அவருக்குத் தெரியும். நூறு வருசமாக அப்படித்தான் வாசித்தும் வந்திருக்கிறார்கள்.

நாம் கொஞ்சம் நின்று வாசிப்போம்.

முதலாவது, ஓடினவர்கள் போக மிச்சம் இருந்தவர்களைத்தானே அளந்திருப்பார்? யார் மிச்சம்? ஓட முடியாதவர், மணியக்காரன் இழுத்துக்கொண்டு வந்தவர், ஜமீனுக்கோ எஸ்டேட்டுக்கோ கட்டுப்பட்டவர், துரைக்கு முன்னால் முடியாது என்று சொல்லத் தெம்பில்லாதவர். அவர்களுடைய மூக்கை அளந்து சராசரி போட்டால் அது எந்தச் சமூகத்தின் சராசரி? அதிகாரத்துக்கு அகப்பட்டவர்களின் சராசரி என்று வேண்டுமானால் சொல்லலாம். மாதிரி எடுத்தல் அத்தியாயத்தில் இதற்குச் சார்பு, பிழை என்றெல்லாம் பெயர் இருக்கிறது. அந்தப் பிழை எங்கிருந்து வந்தது? சம்மதம் கேட்காததிலிருந்து வந்தது. அறம் என்கிற கடைசி அத்தியாயத்தில் நடந்த தப்பு, புள்ளிவிவரம் என்கிற முதல் அத்தியாயத்தில் போய் வெடிக்கிறது.

இரண்டாவது, பயந்தவர்கள் எதைப் பார்த்துப் பயந்தார்கள்? சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்து நட்ட பிறகு, மலையாளிகள் ஆண்டு அனுபவித்த மலை துண்டு துண்டாக எஸ்டேட் ஆனது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. அதுவரை வெட்டி எரித்து விதைத்த காடு, ஆடுமாடு மேய்ந்த காடு, தேன் எடுத்த காடு எல்லாம் 'ரிசர்வ்' ஆகிவிட்டது. தொப்பி போட்ட ஒருத்தன் மலையேறி வந்து எதையாவது அளந்தான் என்றால் அதற்குப் பிறகு நிலம் போயிருக்கிறது. இதுதான் அந்த மக்களின் அனுபவம். பின்னாளில் பாக்சைட்டுக்காக அதே மலையின் தலையைச் சீவினார்களே, அதுவும் அளவெடுப்பில்தான் தொடங்கியது. அந்தமானுக்கு ஏற்றவில்லை, வாஸ்தவம். நிலத்தைப் பற்றி அவர்கள் சொன்னதில் என்ன தப்பு? தர்ஸ்டனின் மூக்குக் கணக்கு இன்றைக்குக் குப்பைக்கூடையில் கிடக்கிறது. மலையாளிகளின் 'வதந்தி' மட்டும் பட்டா புத்தகத்தில் நிரூபணம் ஆகியிருக்கிறது. செல்லுபடியான அறிவு யார் கையில் இருந்தது?

இருளர் சொன்ன தூக்குமரத்தையும் விட்டுவிட முடியாது. அதே தர்ஸ்டன் அருங்காட்சியகத்தில் போலீஸ்காரர்களுக்கு உடல் அளவெடுக்கப் பாடம் நடத்தினார். கைரேகை வந்து நிலைக்கிறதுக்கு முன்னால் குற்றவாளியை அடையாளம் வைக்க உடல் அளவைத்தான் பயன்படுத்தினார்கள். அளவுகோல் ஒன்றுதான். காலையில் இனவரைவியல், சாயங்காலம் போலீஸ். 1871இல் வடக்கே வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. எந்தச் சாதிக்குத் திருட்டு 'தொழில்' என்று காட்ட இந்த மாதிரிப் புத்தகங்கள்தான் கைக்கெட்டின தூரத்தில் கிடந்தன. சேலம் மேல்நாடு கொறவர், சேலம் உப்புக் கொறவர் என்று இன்றைக்கும் சீர்மரபினர் பட்டியலில் இருக்கிற பெயர்களை வாசிக்கும்போது, உப்பு மூட்டையைக் கழுதைமேல் ஏற்றி ஊர் ஊராக விற்ற ஒரு சனத்தை எழுத்து எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த இருளர் கருவியின் பெயரைத் தப்பாகச் சொன்னார். அதன் வேலையைச் சரியாகத்தான் சொன்னார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை, விடுங்கள் என்று சிலர் சொல்லலாம். சரி, நம்ம காலத்துக்கு வருவோம்.

மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள், ஒருத்தன் சேர்வராயனுக்கும் ஒருத்தன் கொல்லிக்கும் ஒருத்தன் பச்சைமலைக்கும் போனான் என்று ஒரு வழக்குக்கதை இருக்கிறது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். கரிராமன் சாமியும் அதில் வருவார். கேட்டவர்கள் எழுதிக்கொண்டார்கள். தர்ஸ்டன் அதை வைத்து, இவர்கள் அசல் மலைக்குடி இல்லை, சமவெளியிலிருந்து ஏறிப்போன தமிழ்க் குடியானவர்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சொல்கிற கதையில் ஒரு பெருமை இருக்கும், ஒரு ஏக்கம் இருக்கும், வந்திருக்கிற துரைக்கு முன்னால் நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை என்று காட்டிக்கொள்கிற தன்மானமும் இருக்கும். அதை எடுத்து இடப்பெயர்வுச் சான்றாக ஆக்கினால் அளக்க நினைத்தது ஒன்று, அளந்தது வேறொன்று.

இதன் பின்விளைவைப் பாருங்கள். 1965இல் லோகூர் குழு பழங்குடிக்கு ஐந்து அடையாளம் வகுத்தது. ஆதிகுணம், தனிப்பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. அந்தக் 'கூச்சத்தை' நான் தர்ஸ்டன் முன்னுரையோடு சேர்த்தே வாசிக்கிறேன். துரையைக் கண்டு ஓடியது அரசியல் அறிவு. அதற்கு இவர்கள் வைத்த பெயர் கூச்சம். 1994இல் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழங்குடிச் சான்றிதழைச் சரிபார்க்கிறபோது சாமி, சடங்கு, கல்யாண முறை, சாவுச் சடங்கு, பிணம் புதைக்கிற முறை எல்லாவற்றையும் மானிடவியல் கண்கொண்டு விசாரிக்கச் சொன்னது. விளைவு, வேலைக்குப் போகிற பையன் ஒருத்தன் அதிகாரி முன்னால் உட்கார்ந்து என் பாட்டனை எந்தத் திசையில் தலைவைத்துப் புதைத்தார்கள் என்று ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தது புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அவன் போலி. புத்தகத்தில் தப்பாக இருக்கலாமே என்று யாருக்கும் தோன்றாது. அந்த ஒப்புமைச் சோதனையை உரைகல்லாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2023 வரை ஆனது.

இன்னொன்றும் இருக்கிறது. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயர் இருக்கும். சேலம், தருமபுரி, வடாற்காடு, தென்னாற்காடு, திருச்சி, புதுக்கோட்டை. கோவை இல்லை. கோவையிலிருந்து 1979இல் பிரிந்த ஈரோட்டிலும் அதனால் இல்லை. பர்கூர் மலையில், கடம்பூர் மலையில் இருக்கிற அதே சனம், பொண்ணு கொடுத்து எடுக்கிற சனம், மாவட்ட எல்லையைத் தாண்டினால் பழங்குடி இல்லை என்று ஆகிவிடுகிறது. எந்த ஆய்வு முறையால் இதை நியாயப்படுத்துவீர்கள்? மூக்குச் சராசரிக்காவது ஒரு கணக்கு இருந்தது.

அடுத்து நம் சமூகவியல் பெரியவர்கள். ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்து 'ஸ்ரீபுரம்' கிராமத்தை ஆய்வு செய்து 1965இல் புத்தகம் போட்டார். தங்கியது அக்கிரகாரத்தில். அங்கே தங்கியதால் சேரிக்குள் இஷ்டத்துக்குப் போய்வர முடியவில்லை என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்கு மரியாதை உண்டு. ஆனால் அது களப்பணி அனுபவம் என்கிற தனிக்கட்டுரையில்தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய முடிவுகளை அது அசைப்பதில்லை. அக்கிரகாரத்து மாடியிலிருந்து பார்த்தால் சேரி ஒரு கோணத்தில் தெரியும். சேரியிலிருந்து அக்கிரகாரம் எப்படித் தெரிந்தது என்பதற்கு அந்த வீட்டில் ஜன்னல் கிடையாது. (ஊர்ப்பெயரை மாற்றிவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரை மறைப்பது ஏழையைக் காப்பாற்ற என்கிறார்கள். மிராசுதாரும் அதே திரைக்குள் பத்திரமாக இருக்கிறார். போலீஸ் எப்.ஐ.ஆரில் மட்டும் சேரிக்காரன் பெயர், தகப்பன் பெயர், சாதி எல்லாம் திரையில்லாமல் வருகிறது.)

எம்.என். ஸ்ரீநிவாஸ் ராம்புராவில் ஊர்த்தலைவரின் வீட்டுப் பாதுகாப்பில் இருந்து பார்த்தவர். 1970இல் ஸ்டான்போர்டில் நடந்த தீவைப்பில் குறிப்புகள் எரிந்துபோக, நினைவிலிருந்து எழுதி 1976இல் வெளியிட்டார். உலகமே கொண்டாடியது, கொண்டாட வேண்டிய புத்தகம்தான். எனக்கு ஒரே ஒரு கேள்வி. பேராசிரியர் நினைவிலிருந்து எழுதினால் அது இனவரைவியல். நம்ம பாட்டி நினைவிலிருந்து, எந்த வருசம் எந்தக் கிணற்றில் தண்ணி மொண்டதுக்கு யாரை அடிச்சாங்கன்னு சொன்னா, ஆதாரம் எங்கேன்னு கேக்குறீங்களே, அது ஏன்?

மைக்கேல் மொபாட் செங்கல்பட்டு மாவட்டத்து எண்டாவூரில் செய்த ஆய்வு 1979இல் வந்தது. தீண்டப்படாதவர்கள் தங்களுக்குள்ளேயே மேல் கீழ் வைத்திருக்கிறார்கள், ஆகவே சாதி அமைப்போடு அவர்களுக்கு உள்ளூர இசைவு இருக்கிறது என்பது சாரம். உள்ளே படிநிலை இருக்கிறது என்பது உண்மை, அதை மறைக்கிறவன் நான் இல்லை. அங்கிருந்து 'இசைவு' என்று தாவுகிறதுதான் தப்பு. அடங்கி நடக்கிறவன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்பதை அடக்குகிறவன் காதில் விழுகிற தூரத்தில் கேட்டால் என்ன பதில் வரும்? அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் பறையர்களிடம் கேட்டு ஜோன் மென்சர் 1974இல் எழுதியபோது, சாதி என்பது கீழேயிருந்து பார்த்தால் சுரண்டல் என்றுதான் தெரிகிறது என்று வந்ததே! மாவட்டம் ஒன்று, சனம் ஒன்று. கேட்ட விதம் வேறு, கேட்டவர் எதைக் கேட்கத் தயாராக இருந்தார் என்பது வேறு.

இதனால் ஆய்வே வேண்டாம், அளவே வேண்டாம், நம்ம அனுபவம் போதும் என்று சொல்கிற தோழர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. பாபாசாகேப் என்ன செய்தார்? 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில், காலனியத்தார் சேர்த்துவைத்த அதே மூக்கு அளவுகளை கூர்யே தொகுத்துக் கொடுத்ததிலிருந்து எடுத்துப்போட்டு, இதை நம்புவதென்றால் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றல்லவா வருகிறது என்று திருப்பி அடித்தார். தீண்டாமைக்கு இனவேறுபாடுதான் காரணம் என்கிற வாதம் அந்த இடத்தில் விழுந்தது. எதிரியின் அட்டவணையை எதிரியின் கணக்கிலேயே செல்லாக்காசு ஆக்குவதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபால் குரு 2002இல், இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்கிற பார்ப்பனர்களும் தகவல் சுமக்கிற சூத்திரர்களுமாக ஒரு பிரிவினை இருக்கிறது என்று எழுதியபோது அவர் கேட்டதும் இதைத்தான். நாம் தகவலாகவே இருந்துவிடப் போகிறோமா?

நம்ம ஆட்கள் அளக்கப் போகிறபோதும் கதை மாறிவிடுவதில்லை. குப்பனூர்ப் பக்கம் வினாநிரலோடு வந்த ஒரு கல்லூரி மாணவியிடம் வயதான அம்மா ஒருத்தர் பேசியதை அருகில் இருந்து கேட்டேன். "ஏம்மா, போன வருசமும் ஒரு புள்ள வந்து இதையேதான் கேட்டு எழுதிக்கிட்டுப் போச்சு. அந்தப் புள்ள பாஸாயிடுச்சா?" மாணவிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவளும் நம்ம வீட்டுப் பெண்தான். வழிகாட்டி கொடுத்த தாளில் 'விழிப்புணர்வு உண்டு / இல்லை' என்று இருந்தது. எத்தனை மாடு, எத்தனை படி ராகி, எந்த எஸ்டேட்டில் என்ன கூலி என்று அந்த அம்மா சொன்னதற்குத் தாளில் கட்டம் இல்லை. 'இல்லை'யில் டிக் விழுந்தது. மலையில் இன்னும் ஒன்று: எஸ்டேட் கூலிக்குக் கீழேயிருந்து போன சேரி சனத்தைப் பற்றி மலையாளிகளிடமும் கேட்க வேண்டும், மலையாளிகளைப் பற்றி அந்தச் சேரி சனத்திடமும் கேட்க வேண்டும். இரண்டு பேருமே ஒடுக்கப்பட்டவர்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு இறங்கிவிட்டால் யார் வீட்டில் யார் தண்ணி குடிக்கிறதில்லை என்பது விட்டுப்போகும். சாட்சியம் பதிவு செய்கிற நமக்கும் இது பொருந்தும். புதுச்சேரிப் பக்கத்துக் கரணி கிராமத்து வீரம்மாவின் வாழ்க்கை 1995இல் பிரெஞ்சில் வந்தபோது அட்டையில் வீரம்மாவின் பெயரும் ஆசிரியராக இருந்தது, அது பெரிய விசயம். ஆனாலும் அந்தப் பேச்சை ஒரு சேரிப் பெண் உட்கார்ந்து கேட்டிருந்தால் வீரம்மா எதையெல்லாம் சொல்லாமல் விட்டிருப்பார், எதையெல்லாம் சேர்த்திருப்பார்?

ஒப்புதல் படிவம் என்று ஒன்று இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். கம்மம் மாவட்டத்தில் 2009இல் அமெரிக்காவின் பாத் நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சேர்ந்து சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். நிறையப் பேர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதிப் பிள்ளைகள். 2010இல் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றக் குழு 2013இல் எடுத்துச் சொன்ன கணக்கின்படி 9,543 படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 1,948இல் கைநாட்டு. தாய் தகப்பனுக்குத் தெரியாமலே சம்மதம் கிடைத்துவிட்டது. மணியக்காரன் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவதற்கும் காப்பாளர் கையெழுத்துப் போடுவதற்கும் நடுவில் நூறு வருசமும் ஒரு தாளும்தான் வித்தியாசம்.

மலையாளிகளிடம் ஒழுங்காகக் கேட்ட ஆய்வு ஒன்றும் உண்டு. அதைப் பல்கலைக்கழகம் செய்யவில்லை. சித்தேரி மலையடிவாரத்தில், தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அரசுத் தரப்பு அறிக்கைகளில் அந்த ஊர் கடத்தல்காரர்களின் ஊர், நடந்ததாகச் சொல்வதெல்லாம் கட்டுக்கதை. அளவு அவர்கள் கையில், ஆவணம் அவர்கள் கையில், படித்தவர்கள் அவர்கள் பக்கம். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி அதே வருசம் நேரில் போய்ப் பெண்களிடம் விசாரித்தார். அவர்கள் சொன்னதை ஒரு தரப்பின் புலம்பலாக ஒதுக்காமல் சான்றாக எடுத்து எழுதினார். கட்சித் தோழர்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் வழக்கைத் தூக்கிச் சுமந்தார்கள். 1995இல் சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு. ஒருவர் விடாமல். மேல்முறையீட்டில் தீர்ப்பு எழுதும் முன் நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். செப்டம்பரில் தண்டனையை உறுதி செய்தார். அவர் போய்ப் பார்த்த இடங்களைப் பற்றித்தான் அந்தப் பெண்கள் 1992லிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.